கீழே சிக்கினால் மேலே பாருங்கள்

புறக்கோட்டையில் கெய்சர் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் எங்கள் கடை. அகலம் ஆறடிதான். முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஊசிப் பாக்கெட், அடி நூல் சுற்றும் பொபின், அதைப் பூட்டும் பொபின் கேஸ், பெல்ட், எண்ணெய்ப் போத்தல். பின்னால் ஒரு மேசை, மேசையில் வயிறு திறந்து கிடக்கும் ஏதாவதொரு தையல் மெஷின், அதற்கு முன்னால் அப்பா. பதினேழு வயதில் ஹட்டனிலிருந்து வந்து, இந்தத் தெருக்களிலேயே வேலை பழகி, இங்கேயே கடையும் போட்டவர். சிங்கர் கம்பனி 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டதால் மூன்று தலைமுறை கண்ட மெஷின்களுக்கு ஊரில் குறைவில்லை. அவற்றைத் திருத்தித்தான் எங்கள் வீடு நடந்தது. நான் படித்ததும் அந்தக் காசில்தான்.

இந்தக் கடைக்கு ஓர் இணையத்தளம் போட்டு, அது நாலு பேர் கண்ணில் படும்படி செய்ய நான் பட்ட பாட்டை எழுதும்படி இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். சின்னக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். தளம் இருக்கிறது, ஆள் வருவதில்லை. அவர்களை மனதில் வைத்து விரிவாகவே எழுதுகிறேன்.

2020 மார்ச் 20 ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். புறக்கோட்டை அப்படியே பூட்டிக் கிடந்தது. ஆனால் வீடுகளில் மெஷின்கள் ஓடத் தொடங்கின. முகக்கவசம் தைத்தவர்கள் ஒரு பக்கம், வேலைக்குப் போக வழியில்லாமல் பழைய மெஷினைத் தூசு தட்டியவர்கள் இன்னொரு பக்கம். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து அப்பா நாள் முழுக்க போனில் வைத்தியம் சொன்னார். ஒரே விஷயத்தைப் பத்துப் பேருக்குப் பத்துத் தடவை. "ஊசிய மாத்துனீங்களா? மொதல்ல ஊசிய மாத்திப் பாருங்க." அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் தளம் போடும் எண்ணம் எனக்கு வந்தது.

தளத்தைச் செய்து தந்தவர் தமிழையெல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்து, படமாக மாற்றி ஒட்டியிருந்தார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது, கல்யாணப் பத்திரிகை மாதிரி. பாமினி நம் நாட்டில் அச்சகத்திலிருந்து அலுவலகம் வரை எல்லோர் கைக்கும் பழகியது. ஆனால் அது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்த ஏற்பாடு. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறைதான் யுனிகோட். அது இல்லாத எழுத்தைக் கூகுள் தமிழாக எடுத்துக்கொள்ளாது; படமாக வேறு இருந்துவிட்டால் அங்கே தேடிக் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. நாலு மாதம் எங்கள் தளத்துக்கு வந்தவர்கள் என் மாமா பிள்ளைகள் மட்டும். காரணம் விளங்கிய அன்று இரவோடு இரவாக உட்கார்ந்து எல்லாவற்றையும் யுனிகோடில் நானே திரும்பத் தட்டினேன். சொந்த மொழியில் தளம் வைப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் உள்ள ஒரு சொல்லை விரலால் அழுத்திப் பிடித்து கொப்பி செய்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்து விழுந்தால் நல்லது.

அதற்குப் பிறகும் ஆள் வரவில்லை. அப்போது நான் செய்ததுதான் பெரும்பாலானோர் செய்வது. பேஸ்புக்கில் தையல், வீட்டுத் தொழில், வாங்குவது விற்பது என்று இருபது குழுக்களில் சேர்ந்தேன். ஒரே அறிவித்தலை எல்லாவற்றிலும் போட்டேன். கடை பெயர், படம், கீழே லிங்க். இரண்டு குழுக்களில் அதைக் கண்டவுடனே நீக்கினார்கள். ஒன்றில் என்னையே நீக்கிவிட்டார்கள். அந்தக் குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, யாழ்ப்பாணத்துக்காரர். தையல் பழகும் பெண்களுக்காகவே அதை நடத்துகிறார். நீக்கிய கையோடு எனக்கு ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார்.

"தங்கச்சி, இங்க வாற பிள்ளையள் மெஷினை வச்சுக்கொண்டு என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிக்கினம். நீங்கள் வந்து நோட்டீஸ் ஒட்டிப்போட்டுப் போறியள். ஒரு கேள்விக்காவது மறுமொழி சொன்னனீங்களோ?"

அன்று முழுக்க மனசு சரியில்லை. அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்பதுதான் அதிகம் உறுத்தியது. அது பொதுக் குழு என்பதால் வெளியிலிருந்தும் வாசிக்க முடிந்தது. இரவு முழுக்க வாசித்தேன். ஊசி ஏன் உடைகிறது, துணி ஏன் நகர மாட்டேன் என்கிறது, காத்தான்குடியில் அபாயா தைக்கும் ஒருவருக்கு மெல்லிய துணி ஏன் சுருங்கி இழுக்கிறது, லைக்ரா துணியில் தையல் ஏன் விட்டு விட்டு விழுகிறது. ஒவ்வொன்றும் அப்பா கடையில் ஒரு நிமிஷத்தில் சொல்லி அனுப்புகிற விஷயம். அங்கேயோ ஒரு கேள்விக்குக் கீழே முப்பது நாற்பது கொமென்ட். பாதி ஊகம், மீதி "மெஷின வித்துட்டு புதுசு வாங்குங்க" என்ற மாதிரி. வாங்க வசதி இருந்தால் அந்தப் பிள்ளை ஏன் இங்கே வந்து கேட்கிறது?

மறுநாள் ஆசிரியைக்கு எழுதினேன். என் பிழையை ஒத்துக்கொண்டேன், அப்பா யார் என்று சொன்னேன், லிங்க் போட மாட்டேன், பதில் மட்டும் சொல்கிறேன் என்றேன். திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணி இருக்கும். கல்முனையிலிருந்து ஒரு பெண் படம் போட்டிருந்தார். மயில்நீல நிறத்தில் பிளவுஸ் துணி, அதன் அடிப்பக்கம். அடியில் நூல் சுருள் சுருளாகத் தொங்கிக்கொண்டு, கூந்தல் சிக்கின மாதிரிக் கிடந்தது. "நாளைக்குக் காலையில கல்யாணப் பிளவுஸ் குடுக்கணும் அக்காமார். பொபினை நாலு தரம் கழட்டிப் பூட்டிட்டன். கேஸ் பழுதா? புதுசு வாங்கணுமா?" இந்த நேரத்தில் கல்முனையில் எந்தக் கடை திறந்திருக்கும்?

அப்பா அப்போதுதான் படுக்கப் போனார். போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். "பொபின்ல ஒண்ணும் இல்ல. கீழ சிக்குனா மேல பாக்கணும்" என்றார்.

தைத்துப் பழகியவர்களிலேயே பலருக்கு இது தெரியாது, அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். துணியின் அடியில் சுருள் விழுந்தால் நம் கண் பொபினுக்குத்தான் போகும். ஆனால் அடியில் தொங்குவது பெரும்பாலும் மேல் நூல். அதை இழுத்துப் பிடிக்க இரண்டு சின்னத் தட்டுகள் இருக்கின்றன. துணியை அமுக்கும் பாதம் இறங்கியிருக்கும்போது அந்தத் தட்டுகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். பாதத்தைத் தூக்கினால் விலகும். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் நூல் தட்டுகளுக்கு நடுவில் போகாமல் மேலாக நின்றுவிடும். பிடிக்க ஆள் இல்லாத நூல் அளவுக்கு மீறிக் கீழே இறங்கும், சிக்கும். ஆகவே பாதத்தைத் தூக்குங்கள், நூலை முழுக்க உருவி எடுங்கள், முதலிலிருந்து திரும்பக் கோத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் மேலே ஒரு நிறம், பொபினில் இன்னொரு நிறம் போட்டு ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள். அடியில் சுருள்வது எந்த நிறமோ அதுதான் குற்றவாளி.

அப்பா சொல்லச் சொல்ல இதைத்தான் தட்டினேன். கடை பெயர் போடவில்லை. இருபது நிமிஷத்தில் அந்தப் பெண் இன்னொரு படம் போட்டார். அதே மயில்நீலம், நேர்கோட்டில் தையல். "சரி வந்திட்டு அக்கா. உங்கட வாப்பாக்கு சொல்லுங்க, அழுதிட்டன்." படத்தை அப்பாவிடம் காட்டினேன். "நூல் இன்னுங் கொஞ்சம் தளர்த்தலாம்னு சொல்லு" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அதே குழுவில் வேறு யாரோ கொழும்பில் பொபின் கேஸ் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்கள். நான் அதைப் பார்க்கும் முன்னமே கல்முனைப் பெண் என் பெயரை இணைத்து எழுதியிருந்தார். "இவங்கட வாப்பா மெஷின் திருத்துற பாஸ். ராவு பதினொரு மணிக்குப் பிளவுஸைக் காப்பாத்தித் தந்தவங்க. இவங்ககிட்ட கேளுங்க." ஒரு பொபின் கேஸ், பத்து ஊசி. கூரியரில் அனுப்பி, கையில் கிடைத்த பிறகு காசு. இணையத்தின் வழியாக எங்களுக்கு வந்த முதல் ஓடர் அதுதான்.

எனக்கு அது ஒன்றும் புதிய பாடமாகப் படவில்லை. சின்ன வயதிலிருந்து கடையில் பார்த்ததுதான். யாராவது மெஷினைத் தூக்கிக்கொண்டு 100 ஆம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்தோ பாணந்துறையிலிருந்தோ வருவார்கள். அப்பா ஊசியை மாற்றுவார், ஒரு துளி எண்ணெய் விடுவார், ஊசிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். "பஸ் காசுகூட வரலியே நமக்கு" என்று அம்மா சொல்வார். அந்த ஆள் அடுத்த மாதம் தங்கச்சியின் மெஷினோடு வருவார், அதற்கடுத்து பக்கத்து வீட்டாரோடு. அப்பா பேசும்போது பின்னால் காத்து நிற்கும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இணையக் குழு என்பது அந்தப் பின்வரிசை நீண்டு போன இடம். கேட்டவர் ஒருவர். பேசாமல் வாசித்துக்கொண்டு நிற்பவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

அதனால்தான் பதிலை முழுசாக அங்கேயே வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நம் ஊர்ப் பக்கங்களில் ஒரு பழக்கம் உண்டு, எதைக் கேட்டாலும் "இன்பொக்ஸ் வாங்க". விலையைக் கேட்டாலும் இன்பொக்ஸ், அளவைக் கேட்டாலும் இன்பொக்ஸ். கேட்டவர் ஒருவருக்குப் பதில் கிடைக்கலாம். பின்னால் நின்ற ஐம்பது பேரைக் கதவடைத்து அனுப்பியாயிற்று. பாதி பதில் சொல்லி, "மீதிக்கு எங்கள் தளத்துக்கு வாருங்கள்" என்று லிங்க் வைப்பதும் அதே வகைதான். இரவு பதினொரு மணிக்குப் பிளவுஸோடு இருப்பவரிடம் அப்படி நடந்துகொள்ள முடியுமா?

நான் யார் என்பதையும் மறைப்பதில்லை. என் விவரத்தில் கடை பெயரும் தள முகவரியும் இருக்கும். வேண்டியவர்கள் தொட்டுப் பார்க்கட்டும். எந்தச் சாமானையாவது வாங்கச் சொல்ல வேண்டி வந்தால் "இது நாங்களும் விற்கிற சாமான்" என்று முதலிலேயே எழுதிவிடுவேன். வேறொருவர் போல் கணக்குத் திறந்து தன் கடையைத் தானே புகழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் குழுக்களில் அது இரண்டே நாளில் பிடிபட்டுவிடும். பிடிபட்ட பிறகு அந்தக் கடையின் பெயரை எடுத்தாலே நாலு பேர் வந்து சொல்வார்கள். அப்புறம், வாங்க வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேண்டாம் என்று சொல்வது. லைக்ராவில் தையல் விட்டுப் போகிறது என்று மெஷினையே மாற்ற நினைத்த ஒருவருக்கு நுனி உருண்ட போல் பொயின்ட் ஊசி ஒரு பாக்கெட் போதும் என்றேன். அதை அவர் ஊரிலேயே வாங்கிக்கொண்டார். எங்களுக்கு ஒரு சதமும் வரவில்லை. அவர் எழுதிய நன்றி இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறது, வாசிப்பவர்கள் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிழையும் விட்டிருக்கிறேன், அதைச் சொல்லாமல் போனால் சரியில்லை. வவுனியாவில் ஒருவர் தன் மெஷினுக்கு எந்த ஊசி என்று கேட்டார். நான் மெஷினின் படத்தைக் கேட்காமல், வீட்டு மெஷினாகத்தான் இருக்கும் என்று நினைத்து "எச்ஏ×1, பதினாலாம் நம்பர்" என்று எழுதிவிட்டேன். பதினாலு என்றால் ஊசியின் தடிப்பு 0.9 மில்லிமீற்றர், பாக்கெட்டில் 90/14 என்று இருக்கும். நம்பர் சரிதான். ஆனால் அவருடையது கார்மென்ட்டில் இருந்து வந்த இண்டஸ்ட்ரியல் மெஷின். எச்ஏ×1 வீட்டு மெஷின் ஊசி வகை; அவருடையதற்கு வேண்டியது டிபி×1. வீட்டு ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக, பருமனாக இருக்கும். கார்மென்ட் ஊசியின் தலை முழு உருண்டை, மெல்லியது. பருமனான வீட்டு ஊசி கார்மென்ட் மெஷினின் துளைக்குள் போகாது. அவர் டவுனுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து, போட முடியாமல் வைத்திருந்தார். அதே கேள்விக்குக் கீழேயே "நான் சொன்னது பிழை, படம் கேட்காமல் சொன்னது என் குற்றம்" என்று எழுதி, சரியான ஊசியைத் தபாலில் அனுப்பினேன். அன்றிலிருந்து படம் பார்க்காமல் ஊசி நம்பர் சொல்வதில்லை.

சரி, இதில் தளம் எங்கே வருகிறது? குழுவில் ஒரு பதில் மூன்று நாளில் கீழே போய்விடும். அடுத்த வாரம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார். ஒரே கேள்வி மூன்றாம் தடவை வந்தால் அதைத் தளத்தில் ஒரு பக்கமாக எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். மேசையில் அப்பாவின் கைகள் மட்டும் தெரிகிற நாலைந்து படம், கீழே அவர் சொல்கிற மாதிரியே விளக்கம். சாமான் பட்டியல் மட்டும் இருந்த தளம் மெல்ல மெல்லக் கேள்விகளால் நிறைந்தது.

எழுதும்போது சொல்லில்தான் அதிகம் தடுமாறினேன். முதலில் "நூல் இறுக்கச் சீராக்கம்" என்று தலைப்பு வைத்தேன். யாரும் அப்படித் தேடுவதில்லை. கூகுளின் சேர்ச் கொன்சோல் என்றொரு இலவச வசதி இருக்கிறது. நம் தளம் எந்தெந்தச் சொற்களுக்குத் தேடலில் காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று அது காட்டும். திறந்து பார்த்தால் "மெஷின் நூல் சிக்குது", "அடி நூல் வருதில்ல", "தையல் விட்டு விட்டு விழுது". குழுவில் எப்படிக் கேட்கிறார்களோ அப்படியேதான் கூகுளிடமும் கேட்கிறார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் நிறைய. குழுவில் இருந்து நான் பெற்ற பெரிய லாபம் இந்தச் சொற்கள்தான் என்பேன். வீட்டில் தனியே உட்கார்ந்து யோசித்திருந்தால் ஒரு நாளும் எனக்கு வந்திராது. தலைப்பை "மெஷினில் நூல் சிக்குதா?" என்று மாற்றினேன். இன்றுவரை தளத்தில் அதிகம் வாசிக்கப்படுவது அந்தப் பக்கம்தான், கல்முனைப் பிளவுஸின் பதில்.

குழு விதிகள் இடம் கொடுத்தால் மட்டும், அதுவும் பதிலை முழுசாகச் சொன்ன பிறகு, "படங்களோடு பார்க்க" என்று ஒரு லிங்க் வைக்கத் தொடங்கினேன். ஆசிரியையிடம் முதலில் கேட்டேன். "இனி நீங்கள் போடலாம்" என்றார்.

லிங்க் பற்றி ஒரு வார்த்தை. அந்த நாட்களில் ஒருவர் வந்து, இத்தனை ஆயிரம் ரூபா தந்தால் ஐநூறு தளங்களிலும் கொமென்ட்களிலும் எங்கள் லிங்க்கைப் போடுவதாகவும், கூகுளில் முதலில் வருவோம் என்றும் சொன்னார். கொடுத்தேன். போனது போனதுதான். பிறகுதான் வாசித்து விளங்கிக்கொண்டேன். கொமென்ட்களில் கொட்டப்படும் லிங்க்குகளைக் கணக்கில் சேர்க்காமலிருக்க 2005 இலேயே நோ ஃபொலோ என்ற அடையாளத்தைக் கூகுள் கொண்டுவந்துவிட்டது. 2012 ஏப்ரலில் பெங்குயின் என்ற மாற்றத்தோடு காசுக்குக் கட்டிய லிங்க்குகளை வைத்திருந்த தளங்கள் கீழே தள்ளப்பட்டன. 2019 இல் வாசகர்கள் போடும் லிங்க்குகளுக்கென்று தனி அடையாளமே வந்தது. ஆகவே குழுவில் லிங்க் போடுவதால் கூகுளில் மேலே போகலாம் என்று யாராவது சொன்னால் காசை எடுக்காதீர்கள். குழுவில் வைக்கும் லிங்க்கின் பெறுமதி அதைத் தொடுகிற மனிதரோடு முடிகிறது. ஆனால் அந்த மனிதர் பக்கத்தை வாசித்து, பிடித்துப்போய், தன் தையல் வகுப்பின் தளத்தில் எடுத்துப் போட்டால் அது வேறு கதை, அந்த மாதிரி லிங்க்கைக் கூகுளும் மதிக்கும். எங்களுக்கு அப்படி இரண்டு மூன்று கிடைத்தன, ஒன்றையும் நாங்கள் கேட்டு வாங்கவில்லை.

மற்றவர் காணியில் கடை போட்டிருக்கிறோம் என்பது 2021 ஒக்டோபர் 4 இரவு முதன்முதலாக உறைத்தது. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம் அளவில் நின்றுபோயின. அதையும் மறந்துவிட்டேன். 2022 மறக்க விடவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரன்ட் இல்லை. வீட்டிலிருந்து தைத்துப் பிழைப்பவர்களுக்கு அது அடுப்பில் தண்ணீர் ஊற்றியது மாதிரி. மோட்டர் மெஷின் நின்றது. பரணிலும் கோழிக்கூட்டுப் பக்கத்திலும் கிடந்த கால் மெஷின்களை இழுத்து வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. "பெல்ட் இத்துப் போச்சு, என்ன செய்யிறது?"

கடையில் ஒரு சுருள் தோல் பெல்ட் பல வருஷமாக விலைப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதை இறக்கினார். தோல் பெல்ட்டின் தடிப்பு 3/16 அங்குலம், ஐந்து மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. கீழ்ச் சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் சுற்றி இழுத்துப் பிடித்து, இரண்டு நுனியும் சந்திக்கிற இடத்தில் வெட்ட வேண்டும். நுனியில் ஆணியால் துளை போட்டு, கம்பிக் கொளுக்கியைக் கோத்துக் குறட்டால் நசுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் மிதிக்கக் கால் வலிக்கும், தளர்ந்தால் சக்கரம் சுற்றும், ஊசி ஏறாது. புதுத் தோல் சில நாளில் நீளும், அப்போது கொளுக்கியைக் கழற்றி ஒரு துண்டு வெட்டிவிடலாம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அப்பா இதைச் செய்து காட்ட, நான் போனில் பிடித்தேன். படம் கொஞ்சம் இருட்டுத்தான். அதைத் தளத்தில் போட்டது ஏப்ரல் 2, சனிக்கிழமை. நள்ளிரவு தாண்டியதும் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கிவிட்டது. ஞாயிறு பின்னேரம்தான் திரும்பி வந்தன.

அந்த ஞாயிறு குழுவில் எதுவும் போட முடியவில்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு சாதாரணத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. பண்டாரவளையிலிருந்து ஓர் அம்மா. மகள் கூகுளில் தேடி எங்கள் பக்கத்தைக் கண்டிருக்கிறார், அதிலிருந்த நம்பருக்கு அழைத்திருக்கிறார். பெல்ட் அனுப்ப முடியுமா என்று கேட்டார். பிறகு இன்னும் நாலு அழைப்பு. குழுவில்தான் நம்மை நாலு பேருக்குத் தெரியவருகிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சொன்ன பதிலை வைத்திருக்க நம் பெயரில் ஓர் இடம் வேண்டும், அங்கே ஒரு தொலைபேசி நம்பரும் வேண்டும் என்று அன்றைக்குத்தான் முழுசாக நம்பினேன்.

இதற்கு நேரம் போகும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறேன், அதற்கு மேல் போவதில்லை. இருபது குழுக்களை மூன்றாகக் குறைத்தேன். இரண்டு தமிழ், ஒன்று சிங்களம். சிங்களத்தில் எழுத எனக்கு மெதுவாகத்தான் வரும், பக்கத்துக் கடை அக்கா பார்த்துத் திருத்தித் தருவார். முதல் எட்டு ஒன்பது மாதத்தில் வருமானம் என்று சொல்ல எதுவும் இல்லை. அந்த மாதங்களில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். எனக்கு விடத் தோன்றவில்லை. ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவிடம் கேட்கும் அந்த நேரம், பல வருஷமாக அவரோடு நான் கதைத்ததைவிட அதிகமாகக் கதைக்க வைத்தது. மெஷின் ஊசியில் நீளப் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூலைக் கோக்க வேண்டும் என்று இருபத்தெட்டு வயதில்தான் படித்தேன், அந்தக் கடையிலேயே வளர்ந்தும்.

போன மாதம் திருகோணமலையிலிருந்து ஒரு தையல்காரர், எங்களோடு எந்தப் பழக்கமும் இல்லாதவர், பெல்ட் பக்கத்தை வாசித்துவிட்டு எழுதியிருந்தார். "ஐயா செய்வது சரி. ஆனால் கொளுக்கியின் நசுக்கிய முனை வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும். உள்ளே பார்த்தால் சக்கரத்தில் டக் டக் என்று தட்டும்." அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எழுந்து போய் மேசைக்குப் பக்கத்தில் இருந்த கால் மெஷினைக் குனிந்து பார்த்தார், கையால் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார், காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு. அத அவரு சொன்னாருன்னே போட்டுரு."

அன்று இரவே பக்கத்தில் சேர்த்தேன்.